வினிபெக் நகரில் நான்கு நாட்கள்: பிப்ரவரியில் போவதா, ஆகஸ்டில் போவதா?

மருதாணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் கனடாவில், டொராண்டோவை அடுத்த பிராம்டனில் வசிக்கிறோம். என் கணவர் அலுவலக வேலையாக மானிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக் போக வேண்டியிருக்கிறது. பிப்ரவரி நடுவிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அவருடைய வசதிப்படி போய்வரலாம் என்று நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருடன் நானும், பன்னிரண்டு வயது மகளும், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியாரும் சேர்ந்து சென்று, நான்கு நாட்கள் அந்த நகரத்தை நிதானமாகப் பார்த்து வரலாம் என்று எண்ணுகிறோம்.

ஆனால் இங்கே யாரிடம் பேச்செடுத்தாலும், வெட்டவெளியையும் குளிரையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, அந்தப் பணத்தில் பான்ஃப் மலைக்குப் போங்கள் என்றே சொல்கிறார்கள். ஏழரை லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரத்தில் பார்ப்பதற்கு எதுவும் இராது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மலையும் அருவியும் இல்லாத சமவெளி நகரம் ஒன்று தன் கலைகளையும் விழாக்களையும் எப்படி வளர்த்துக்கொண்டது என்பதை மகள் நேரில் காண வேண்டும் என்பது என் விருப்பம். அவள் ஐந்தாண்டுகளாகப் பரதநாட்டியம் கற்று வருகிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் படியேற இயலாது. சைவ உணவுதான் உண்பார். எந்தப் பருவத்தில் போவது நல்லது, எதைத் தவறவிடக் கூடாது என்று அங்கே வாழ்பவர்கள் எடுத்துரைத்தால் பேருதவியாக இருக்கும்.

தென்கரை

வணக்கம் சகோதரி. ரெட் ஆற்றின் கிழக்குக் கரையில், பிரெஞ்சு மொழி பேசும் செயின்ட் போனிஃபேஸ் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் நான். என் பரிந்துரை ஆகஸ்ட். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எந்த மாதத்தில் வந்தாலும் முதல் நாளை ஃபோர்க்ஸ் என்னும் இடத்திற்கு ஒதுக்குங்கள். ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் அங்கேதான் கலக்கின்றன. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் கூடி மீன்பிடித்தும் பண்டம் மாற்றியும் வந்த கூடுதுறை அது. பின்னர் தோல் வணிகர்கள் கோட்டை கட்டியதும், ரயில் கம்பெனிகள் தண்டவாளம் போட்டதும், கோதுமைப் பணம் வந்து குவிந்ததும் அதே இடத்தைச் சுற்றித்தான். இந்த நகரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் மற்றவை எல்லாம் அந்தக் கூடுதுறையிலிருந்து கிளைத்தவை. அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நெடுங்காலம் ரயில்வே முற்றமாக இருந்ததால் நகர மக்களே ஆற்றங்கரைப் பக்கம் போக முடியாமல் இருந்தது. 1980களின் இறுதியில்தான் அந்த நிலம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போது அங்கே உள்ள சந்தைக் கட்டடம் 1989-இல் திறக்கப்பட்டது. போட்டியாக இயங்கிய இரண்டு ரயில் கம்பெனிகளின் குதிரை லாயங்களை ஒன்றாக இணைத்து அதைக் கட்டினார்கள். உங்கள் மாமியார் அம்மா உட்கார்ந்து இளைப்பாற நல்ல இடம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து மடித்து வேகவைக்கும் உக்ரைனிய பெரோகி இந்த ஊரின் அன்றாட உணவு. பன்றி இறைச்சித் துண்டு தூவாமல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் சைவம் உண்பவர்களும் சாப்பிடலாம்.

அடுத்தபடியாக மானிடோபா அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்சச் என்ற பாய்மரக் கப்பலை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 1668-இல் இங்கிலாந்திலிருந்து ஹட்சன் விரிகுடாவுக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு பீவர் தோல்களோடு திரும்பிய ஒரு சிறு கப்பலின் முழு அளவுப் படி அது. அந்தப் பயணத்தின் ஆதாயத்தைக் கண்ட பிறகுதான் 1670-இல் ஹட்சன் பே கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. பிறகு இந்தக் கண்டத்தின் பெரும்பகுதி, அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களைக் கேட்காமலேயே, ஒரு வணிகக் கம்பெனியின் உடைமை என்று எழுதப்பட்டது. கம்பெனியின் முந்நூறாவது ஆண்டை முன்னிட்டு 1968-இல் இங்கிலாந்தில் இந்தப் படியைக் கட்டி, உண்மையாகவே கடலிலும் பெரிய ஏரிகளிலும் ஓட்டிய பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். பழங்காலத் துறைமுகத் தெரு போல அமைத்திருக்கும் கூடத்தில், கயிறும் மரமும் தாரும் கலந்த வாசனையோடு, அது அலையில்லாத தரையில் நிற்கிறது. இத்தனை சிறிய கலத்தில் வடகடலைக் கடந்தார்களா என்று பெரியவர்களும் வாயடைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பலைப் பார்த்த கையோடு போர்ட்டேஜ் சாலையில் இருக்கும் அந்தக் கம்பெனியின் பழைய கடைக் கட்டடத்தின் முன்னும் ஒரு முறை நில்லுங்கள். 1926-இல் திறந்த அந்த ஆறு மாடிக் கடை 2020-இல் மூடப்பட்டது. 2022-இல் அதைத் தெற்கு மானிடோபாவின் பழங்குடித் தலைவர்களின் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அடையாள விலையாகக் கம்பெனி பெற்றுக்கொண்டது பீவர் தோலும் எல்க் மான் தோலும்தான். முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்கள் இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாதது எனக்குத் தீராத ஆதங்கம்.

எங்கள் கரையில் செயின்ட் போனிஃபேஸ் பேராலயம் இருக்கிறது. 1968-இல் தீப்பிடித்து எரிந்தபின் எஞ்சிய கல்முகப்பை இடிக்காமல் விட்டு, அதன் பின்னால் எட்டியென் கபூரி என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் தாழ்வான புதிய ஆலயம் ஒன்றைக் கட்டினார். முன்பக்கக் கல்லறைத் தோட்டத்தில் லூயி ரியேல் உறங்குகிறார். பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டிஸ் மக்களின் தலைவரான அவரால்தான் 1870-இல் மானிடோபா ஒரு மாகாணமாகக் கனடாவில் சேர்ந்தது; அவரையே 1885-இல் தேசத்துரோகி என்று ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். இன்று பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை அவர் பெயரால் மாகாண விடுமுறை.

ஆகஸ்ட் என்று நான் சொன்னதற்குக் காரணம் ஃபோக்லோரமா. மானிடோபாவின் நூற்றாண்டை ஒட்டி 1970-இல் தொடங்கிய இந்த விழா ஆகஸ்டின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கிறது. ஒரே மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துவதில்லை. உக்ரைனியர், பிலிப்பினோ, இந்தியர், சிலியர், ஸ்காட்லாந்தியர் என்று ஒவ்வொரு சமூகமும் நகரத்தின் வெவ்வேறு மூலையில் தன் சொந்த மன்றத்தையோ, பள்ளிக்கூடத்தையோ, ஆலயக் கூடத்தையோ திறந்துவைத்து, வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டு, ஆடிப் பாடிக் காட்டுகிறது. மேடையில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பகலில் செவிலியராகவும் மாணவராகவும் பேருந்து ஓட்டுநராகவும் இருப்பவர்கள். அவர்களின் பாட்டிமார்தான் அடுக்களையில் நிற்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த அரங்கிலும் கிடைக்காது.

வெண்பொழில்

தென்கரை ஐயா சொன்ன இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, பருவத்தில்தான் மாறுபடுகிறேன். கோடைக்கால வினிபெக் இனிமையானது. ஆனால் கோடையில் இனிமையாக இருக்கும் நகரங்கள் கனடாவில் ஏராளம். குளிரை எதிர்த்து அடைந்து கிடக்காமல், குளிரையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு கலை செய்யும் நகரம் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்தவரை இதற்கு இணை அரிது.

ஜனவரியில் ஆறுகள் உறைந்து போதிய தடிப்பு வந்தவுடன், ஃபோர்க்ஸிலிருந்து பனியை வழித்துச் சீராக்கி, சறுக்கிச் செல்லவும் நடந்து செல்லவும் ஆற்றின் மேலேயே பாதை போடுகிறார்கள். அந்தப் பாதை நெடுகக் குளிர்காயும் குடில்கள் நிற்கும். ஆண்டுதோறும் உலகெங்குமிருந்து கட்டடக் கலைஞர்கள் போட்டிக்கு அனுப்பும் வடிவங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் கட்டுபவை அவை. 2012-இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் குழு பனிக்கட்டிப் பாளங்களைக் கொண்டு ஒன்று கட்டியது; 2017-இல் மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூரின் வடிவம் ஒன்று ஆற்றின் மேல் எழுந்தது. மார்ச்சில் வெயில் ஏறும்போது பனிக்கட்டியில் கட்டியவை மிச்சமின்றிக் கரைந்துவிடும் என்று தெரிந்தே கட்டுகிறார்கள். குடிலுக்குள் நுழைந்து, காற்று சட்டென்று அறுந்துபோக, முகம் தெரியாத நால்வர் கைகளைத் தேய்த்துக்கொண்டு உங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரும்போது இந்த ஊர் மனிதர்களைப் புரிந்துகொள்வீர்கள்.

பிப்ரவரி நடுவில் ஃபெஸ்டிவல் டு வோயாஜர் நடக்கிறது. மேற்குக் கனடாவின் மிகப் பெரிய குளிர்கால விழா இது, 1970-இல் தொடங்கியது. தோல் வணிகக் காலத்தில் படகோட்டிய பிரெஞ்சு, மெட்டிஸ் மக்களின் வாழ்க்கையை மையமாக வைத்து, செயின்ட் போனிஃபேஸில் மரக்கோட்டையைச் சுற்றிப் பத்து நாட்கள் பிடில் இசையும் நடனமுமாக இருக்கும். ஆளுயரத்தை மிஞ்சும் பனிச் சிற்பங்கள், கொதிக்கும் மேப்பிள் பாகைப் பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தரும் மிட்டாய், பட்டாணி சூப் என்று எல்லாம் வெட்டவெளியில்தான். மருதாணி அவர்களே, உங்கள் மகளுக்காக ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்: ரெட் ரிவர் ஜிக் என்ற மெட்டிஸ் நடனத்தை அங்கே நன்றாகப் பார்க்கலாம். பிடில் உச்சத்தாயியில் போகும்போது கால்கள் எளிய அடிப்படை நடையில் நிற்கும். கீழே இறங்கியதும் ஆடுபவர் தமக்கே உரிய ஒரு அடவை எடுத்து வைப்பார். அடுத்த இறக்கத்தில் வேறொன்று. ஒருவர் எத்தனை விதமான அடவுகளைத் தொடுக்கிறார் என்பதில்தான் திறமை. மேலுடம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கக் கால்கள் மட்டும் பேசும். தட்டடவும் நாட்டடவும் பயின்ற குழந்தை அதை மற்றவர்களைவிடக் கூர்மையாகக் கவனிக்கும்.

இரவில் கழித்தல் முப்பது பாகை வரை இறங்கலாம் என்பதை மறைக்கவில்லை. நல்ல உடையிருந்தால் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அது தடையல்ல. அம்மாவைப் பொறுத்தவரை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலங்கள் இருந்தாலும், விழா நடப்பதென்னவோ பனித்தரையில். முழங்கால் வலியோடு அதில் நடப்பது சிரமம். மேலும், சில ஆண்டுகளில் குளிர் போதாமல் ஆற்றுப் பாதை மிகக் குறுகிய காலமே திறந்திருக்கிறது.

கல்லும் உளியும்

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். வினிபெக் கலைக்கூடத்தோடு இணைந்து 2021-இல் திறந்த கௌமயுக் என்னும், வடதுருவப் பழங்குடியினரான இனுயிட் மக்களின் கலை மையத்தை இரண்டு பருவத்திலும் காணலாம். சமகால இனுயிட் கலைக்கான உலகின் மிகப் பெரிய பொதுத் தொகுப்பு இங்கேதான் இருக்கிறது. பொதுவாக அருங்காட்சியகங்கள் கிடங்கில் பூட்டிவைப்பதை இங்கே நடுக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்: மூன்று தளம் உயர்ந்து வளையும் கண்ணாடிப் பேழை, அதனுள் ஏறத்தாழ ஐயாயிரம் சிற்பங்கள். தெருவில் நடப்பவருக்கும் அது தெரிகிறது.

பச்சையும் கருமையும் கலந்த பாம்புக்கல்லில் செதுக்கிய ஒரு கரடி, ஒற்றைக் காலைத் தூக்கி ஆடுவதை அங்கே காணலாம். அத்தனை கனமான கல் ஒரே பாதத்தில் நிலைகொள்ளும்படி நிறையைப் பகிர்ந்திருக்கும் நுட்பத்தை அருகில் போய்ப் பாருங்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்வேலை செய்வது. அந்தச் சமநிலையை எட்டுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். பட்டறையில்லாமல், திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று இதைச் செய்கிறவர்கள் வடதுருவக் கரையோர ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1920-இல் கட்டி முடித்த சட்டமன்றக் கட்டடம் டிண்டால் கல் என்னும் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதன் சுவர்களில் ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் புதைபடிவங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. பெரும் படிக்கட்டின் இருபுறமும் நிற்கும் வெண்கலக் காட்டெருமைகளை எல்லோரும் படமெடுப்பார்கள். நீங்கள் மகளைச் சுவர் ஓரமாக அழைத்துச் சென்று, சுருள் சிப்பிகளையும் பவளங்களையும் விரலால் தடவித் தேடச் சொல்லுங்கள்.

மருதாணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜிக் நடனத்தைப் பற்றிப் படித்ததும் மகள் பிப்ரவரிதான் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். ஆனாலும் அத்தையை நினைத்து ஆகஸ்ட் என்றே முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள். மனித உரிமை அருங்காட்சியகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அது மிகக் கனமாக இருக்குமா? ஆகஸ்டில் பாலே பார்க்க வாய்ப்பு உண்டா?

ஏரிநீர்

சகோதரிக்கு வணக்கம். நான் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன்; மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன். 2014-இல் திறந்த அந்த அருங்காட்சியகம் ஒட்டாவா தலைநகர்ப் பகுதிக்கு வெளியே அமைந்த முதல் தேசிய அருங்காட்சியகம். அன்டோயின் பிரெடாக் வடிவமைத்த கட்டடத்தில், தரையடியின் இருளிலிருந்து தொடங்கி, உள்ளிருந்து ஒளிவிடும் வெண்பளிங்குச் சாய்தளங்கள் வழியாக, தளம் தளமாக ஏறி, நூறு மீட்டர் உயரக் கண்ணாடிக் கோபுரத்தில் முடிகிறது பாதை. அம்மாவுக்கு மின்தூக்கி உண்டு. ஆனால் முடிந்த அளவு ஒரு சாய்தளத்திலாவது மெதுவாக நடக்கவிடுங்கள்.

கனமான இடம்தான். ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தை தாங்கும். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க முனைவதுதான் தவறு. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இந்த மண்ணில் நடந்தது அது. நடுத்தர வயதில் இருக்கும் பலர் அந்தப் பள்ளிகளில் பயின்றவர்கள். பிறகு ரெபெக்கா பெல்மோர் என்ற அனிஷினாபே பழங்குடிக் கலைஞரின் படைப்பைத் தேடிப் பாருங்கள். வினிபெக் நிலத்தடியின் களிமண்ணை எடுத்து, நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொண்டு கையால் அமுக்கி மணிகளாக்கிச் சுட்டு, ஆயிரக்கணக்கில் கோத்துத் தொங்கவிட்ட பெரும் போர்வை அது. நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் யாரோ ஒருவருடைய உள்ளங்கை அழுத்தம் பதிந்திருக்கும்.

அங்கே குடிநீர்க் குழாயைத் திறக்கும்போது மகளிடம் இதையும் சொல்லுங்கள். இந்த நகரத்தின் குடிநீர் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஷோல் ஏரியிலிருந்து 1919-இல் முடிந்த கால்வாய் வழியாக வருகிறது. அந்தக் கால்வாய் வேலையால் நிலப்பரப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஷோல் லேக் 40 என்னும் பழங்குடி ஊருக்கு 2019-இல்தான் சாலை கிடைத்தது. 1997 முதல் 2021 வரை அந்த ஊரார் தண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டியிருந்தது. அதே ஏரியின் நீரை நாங்கள் இங்கே குழாயிலிருந்து நேராகக் குடித்துக்கொண்டிருந்தோம். என் மாணவர்கள் கோபுரத்தை மறந்துவிடுகிறார்கள், இதை மறப்பதில்லை.

பாலே பற்றி: ராயல் வினிபெக் பாலே 1939-இல் இரண்டு பெண்கள் தொடங்கிய குழு, கனடாவின் மிகப் பழமையான பாலே நிறுவனம் அதுதான். அரங்கப் பருவம் இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை என்பதால் ஆகஸ்டில் முழு நிகழ்ச்சி கிடைப்பது அரிது. ஜூலை இறுதியில் அசினிபோயின் பூங்காவின் திறந்தவெளி மேடையில் புல்தரையில் அமர்ந்து பார்க்கும்படி இலவசமாக ஆடுவார்கள். உங்கள் கணவரால் பயணத்தைச் சில நாட்கள் முன்னே தள்ள முடிந்தால், பாலேயும் ஃபோக்லோரமாவின் தொடக்கமும் ஒருசேர வாய்க்கக்கூடும். அந்த ஆண்டின் தேதிகளைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

தென்கரை

ஏரிநீர் அம்மையார் எழுதியதை வழிமொழிகிறேன். நாட்களைப் பிரித்துக்கொள்ளச் சில குறிப்புகள். மனித உரிமை அருங்காட்சியகம் ஃபோர்க்ஸை ஒட்டியே இருந்தாலும், இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுத்துவிட்டு, மாலையில் நடைபாலத்தின் வழியாக எங்கள் கரைக்கு வந்து ஆலய முகப்பின் நிழலில் அமருங்கள். பழைய வணிகர் பகுதியான எக்ஸ்சேஞ்ச் வட்டாரத்தில் நூற்றாண்டுக்கு முந்தைய கிடங்குகளும் வங்கிகளும் அப்படியே நிற்கின்றன. 1914-இல் பனாமா கால்வாய் திறந்தபின் சரக்குப் போக்குவரத்து திசைமாறி நகரத்தின் வளர்ச்சி தளர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதே அவற்றைக் காப்பாற்றியது. அங்கே மெயின் தெருவில் தரையில் புதைந்து சாய்ந்தாற்போல் நிற்கும் டிராம் வண்டிச் சிற்பம், 1919-இல் ஏறத்தாழ முப்பதாயிரம் தொழிலாளர் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின் நினைவாக வைத்தது.

ஃபோக்லோரமாவில் ஒரு மாலைக்கு இரண்டு அரங்குகளுக்கு மேல் வேண்டாம். அவை தொலைதூரங்களில் இருப்பதால் வாடகைக் கார் எடுத்துக்கொள்வது அம்மாவுக்கு நல்லது. பேருந்தில்தான் போவது என்றால், 2025 ஜூனில் தடங்கள் முழுவதும் மாற்றப்பட்டுவிட்டதால் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். ஆகஸ்ட் மாலைகளில் கொசு அதிகம். முழுக்கைச் சட்டையும் கொசுத்தைலமும் கைப்பையில் இருக்கட்டும். எங்கள் பகுதியில் ஃபோக்லோரமா அரங்கு எது என்று அட்டவணை வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன். நீங்கள் தங்கப்போகும் இடத்தைத் தோராயமாகச் சொன்னால், பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்துக் குறித்துத் தருவேன்.